லாடத்துக்கு மேலே காம்பஸ்

சங்கரலிங்கம் அண்ணாச்சி காலமான செய்தியைக் கொண்டுவந்த அஞ்சலட்டை, மேலகரத்துக்கு வழிதவறிப் போய், மூன்று நாள் கழித்துத் தென்காசியில் என் கைக்குக் கிடைத்தது. அவர் சம்பந்தப்பட்ட எதுவும் நேர்வழியில் வந்து சேர்ந்ததில்லை. என் கல்யாணமும் அப்படித்தான்.

எங்கள் ஊர்க்காரரான அவர், தூத்துக்குடி–கொழும்புக் கப்பலில் சுக்கான் பிடித்தவர். ஓய்வு பெற்றதும் சிறு மோட்டார் படகு ஒன்றை வாங்கி இலத்தூர்க் குளத்தில் விட்டார். அதில் காம்பஸ் பொருத்தினார். ஆழம் பார்க்க, முடிச்சிட்ட கயிற்றில் ஈயக்குண்டு கட்டினார். குளத்தின் ஆழத்தை எருமைகளே நின்று காட்டுமே என்றவர்களிடம், "எருமை உக்காந்துக்கிட்டும் காட்டும்லே. குண்டு அப்படி ஏமாத்தாது" என்றார்.

ஐப்பசி மழையில் கரைச்சாலை உடைந்த அன்று காலை எனக்கு முகூர்த்தம். பெண் அக்கரையில், இலத்தூரில். குளத்தின்மேல் மூட்டம், பத்தடிக்கு அப்பால் தெரியவில்லை. முகூர்த்தம் தவறினால், பெண்ணின் தாய்மாமன் தன் மகனை மணையில் உட்கார்த்திவிடுவார் என்று அப்பா நடுங்கினார்.

"ஏறுலே. கண்ண மூடிக்கிட்டே கொண்டு சேக்கேன்" என்றார் அண்ணாச்சி. காம்பஸிலிருந்து கண்ணை எடுக்காமல் ஓட்டிப் படகை அவர் முட்டவிட்ட இடம் சுடுகாடு.

சிதைக் காவலுக்கு நின்ற பெரியவர் என் மாலையைப் பார்த்தார். "என்ன மாப்பிள, இம்புட்டு வெரசா வந்துட்டீரு?"

"காம்பஸ் இங்கனதான்னு சொல்லுது" என்றார் அண்ணாச்சி.

"அது எல்லாருக்கும் கடைசில இங்கனதான் சொல்லும். மேளச் சத்தம் கேக்குல்லா? அதப் பிடிச்சுப் போங்க."

அண்ணாச்சி தலைத்துண்டை அவிழ்த்துக் காம்பஸை மூடினார். ஒரு மாலுமிக்கு அது எவ்வளவு பெரிய தியாகம் என்று எனக்கு அப்போது தெரியாது. நாகஸ்வரத்தைத் தொடர்ந்து முகூர்த்தத்துக்குள் போய்ச் சேர்ந்தோம். மாமன் மகன் பட்டு உடுத்தி முன்வரிசையில் தயாராக இருந்தான்.

காம்பஸுக்கு அடியில், பலகையின் மறுபக்கம், முள்ளைத் தன் பக்கம் இழுக்கும் ஓர் இரும்பு லாடம் அறைந்திருந்ததை அண்ணாச்சி மறுநாள் கண்டுபிடித்தார். அறைந்தவர் அவர் மனைவி, செண்பக மதினி.

"புதுப் படகுல்லா, கண்ணு பட்டுரும்னு நாந்தான் அடிச்சேன்" என்றார் மதினி பெருமையாக.

அண்ணாச்சி லாடத்தைத் தொடவில்லை. நான்கு நாள் படகை ஒவ்வொரு திசையிலும் நிறுத்தி, கோயில் விமானத்தையும் குற்றால மலையையும் குறிவைத்து, முள் எங்கே எவ்வளவு விலகுகிறது என்று அட்டவணை எழுதி ஒட்டினார். பிடுங்கிப் போட்டால் அரை நிமிட வேலைதானே என்றேன்.

"ஏலே, முள்ளு கோணுனா அட்டவண போடலாம். அவ மனசு கோணுனா எவன் போடுவான்?"

அதன்பிறகு அந்தப் படகு ஒருமுறைகூடச் சுடுகாட்டுக்குப் போகவில்லை. யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது, அட்டவணையைப் பார்த்தபடியே துடுப்புப் போட்டார்.

துக்கம் விசாரிக்கப் போனபோது மதினி காம்பஸையும் அட்டவணையையும் லாடத்தையும் ஒரே துணியில் முடிந்து கொடுத்தார். "எதுக்குன்னு தெரியல. இத்தன வருசம் ஒண்ணாவே இருந்துச்சு. நீரும் பிரிச்சுராதேயும்."

மூன்றும் இப்போது என் மேஜையில் ஒன்றாகவே இருக்கின்றன. முள் கோணலாகத்தான் நிற்கிறது. வடக்கு எதுவென்று எனக்குத் தெரியும்.