நான் கூட்டிப் போட்ட ஸ்பிரிங் பட்டைகள்

என் மகள் தேனீ வளர்க்கிறாள். பூக்கிற இடம் பார்த்துப் பெட்டிகளை மாற்றி வைக்க வேண்டும் என்பதால், பழைய ஜீப்புக்குப் பின்னால் இழுக்க ஒரு சின்ன டிரெய்லர் செய்யக் கொடுத்திருந்தாள். பட்டறைக்கு நானும் போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

சாலையில் டிரெய்லர் ஏதாவது கவிழ்ந்து கிடந்தால் அன்று எனக்குச் சாப்பாடு இறங்காது. அதனால் பட்டறையில் எதைக் காட்டினாலும் அதைவிடத் தடிமனானதைக் கேட்டேன். குலுக்கலைத் தாங்க அடியில் பக்கத்துக்கு மூன்று ஸ்பிரிங் பட்டை போதும் என்றாள் மகள்.

“பொட்டிக்கு மெத்துன்னு இருக்கணும்மா.”

“ஒடஞ்சிருச்சுன்னா? அஞ்சு போடுங்க தம்பி.”

பட்டறைக்காரர் சிரித்தார். “ஏன் டீச்சர், தேன் ஏத்தப் போறீங்களா, கிரானைட் ஏத்தப் போறீங்களா? எனக்கென்ன, போடச் சொன்னா போட்டுருவேன்.”

சக்கரம் மாட்டும் ஹப்பிலும் தகராறு. ஜீப்பில் இருக்கிற அதே ஹப் என்றால் ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் ஆகும் என்பது அவள் கணக்கு. எனக்கு லாரிக்குப் போடுவதுபோல் பெரிதாக வேண்டும்.

“சரிம்மா, ஹப்பு எனக்கு, ஸ்பிரிங்கு உனக்கு. ஆள விடு.”

ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு கே.கே. நகர் வீட்டுக்குத் திரும்பினேன்.

முதல் பயணத்தில் கூடவே போனேன். அழகர்கோவில் பக்கத்து மாந்தோப்பில் விடியுமுன்னே பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, உசிலம்பட்டி தாண்டி ஒரு முருங்கைத் தோட்டத்துக்கு. அடிக்கடி திரும்பிப் பார்த்தேன். டிரெய்லர் கொஞ்சமும் சாயவில்லை. “எம்புட்டுக் கெட்டியா வருது பாத்தியா!” என்றேன். அவள் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தாள்.

தோட்டத்தில் இறக்கிய முதல் பெட்டியின் அடியில் தேன் ஒழுகியது. அந்த எடைக்கு ஐந்து பட்டையும் வளைந்தே கொடுக்கவில்லை; வழியில் இருந்த பள்ளமெல்லாம் பெட்டிக்குள் போய் இடித்திருக்கிறது. மூடியைத் திறந்தாள். அடைகள் சட்டத்திலிருந்து அறுந்து ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. தாங்கள் சேர்த்த தேனிலேயே தேனீக்கள் மூழ்கிக் கிடந்தன. மிஞ்சியவை எழும்பி வந்தன. வலைத்தொப்பி போட்டுக்கொள்ளக்கூட அவளுக்குத் தோன்றவில்லை, கண்ணிமையிலேயே கொட்டியது.

நான் ஓடிப்போய் ஜீப்புக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். என்னை ஒன்றுகூடக் கொட்டவில்லை.

உன்னால்தான் என்று சொல்லியிருந்தால் தேவலை. ஜன்னல் பக்கம் வந்து, “ஒரு பொட்டில ராணி உசுரோட இருக்கும்மா. அது தேறிக்கிரும்,” என்று என்னைத் தேற்றினாள். பிறகு மற்றப் பெட்டிகளில் தேடப் போனாள். வேறு எதிலும் கிடைக்கவில்லை.

மறுநாள் மறுபடியும் பட்டறை.

“எத்தன கழட்ட டீச்சர்?”

“அவகிட்டயே கேளுங்க.”

“ரெண்டுண்ணே,” என்றாள் மகள்.

ஒன்று கழற்றினால் போதாதா என்பது என் தொண்டை வரை வந்துவிட்டது. அத்தனைக்கும் பிறகு, அப்போதும் வந்தது. அவள் வீங்காத கண்ணால் என்னைப் பார்த்தாள்.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்ல. கழட்டட்டும்.”