தரிசில் ஒரு முகாம்

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. வீட்டில் சாப்பாடுகூட நின்றுகொண்டேதான். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று என் கணவர் சொல்வார். சொல்லிவிட்டு அவர் நன்றாகச் சாய்ந்துகொள்வார். அப்படிப்பட்ட என் கையில்தான் பள்ளியின் சாரணியர் படையை ஒப்படைத்தார்கள். கூத்தாநல்லூருக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளி. நான் அங்கே ஆங்கில ஆசிரியை.

ஜூனில் பள்ளி திறந்ததும் ஆண்டுத் திட்டம் போட வேண்டும். அணித் தலைவிகளை நூலக அறையில் உட்காரவைத்து, நகைக்கடைக் காலண்டரை மேசையில் விரித்தேன். அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், நான் மேசையைச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஆகஸ்டில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களுக்குத் திருவாரூர் சாலையில் மோர்ப் பந்தல். நல்லது, போட்டாயிற்று. செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை. எந்த நாள் விடுமுறை என்று கலெக்டருக்கே காலையில்தான் தெரியும். ஜனவரியில் பொங்கல். மார்ச்சில் முழு ஆண்டுத் தேர்வு. முதலுதவிப் பயிற்சி, மரம் நடுதல், முடிச்சுப் போட்டி எல்லாம் எப்படியாவது இடுக்கில் நுழைந்துவிடும். முகாம்தான் எங்கே வைத்தாலும் வெளியே துருத்திக்கொண்டு நின்றது.

அந்த முகாமுக்காகத்தான் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காரணம், மேசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த பதினொன்றாம் வகுப்புப் பெண். முதல் அணியின் தலைவி. அவள் போட்ட முடிச்சை அவிழ்க்க நானே திணறுவேன். மாநில விருதுத் தேர்வுக்குப் போக அவளுக்கு எல்லாம் இருந்தது, கூடாரம் அடித்துத் தங்கிய முகாம் ஒன்றைத் தவிர. ஒரு வருடம் புயல் கலைத்தது. மறு வருடம் அனுமதி வந்து சேர்வதற்குள் தேர்வு வந்துவிட்டது. அடுத்த ஆண்டு அவள் பன்னிரண்டாம் வகுப்பு. எங்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் மூச்சு விடவே தனி அனுமதி வாங்க வேண்டும். ஆகவே இந்த ஆண்டு, இல்லாவிட்டால் இல்லவே இல்லை.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் போகலாம் என்று முதலில் சொன்னேன். படகு, கழிமுகம் என்று எனக்கே ஆசை. பெற்றோர் கூட்டத்தில் அது ஒரே நிமிடத்தில் செத்தது. ராத்திரி தங்குவதா, அதுவும் தண்ணீருக்கு நடுவிலா என்றார்கள். கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு அணித் தலைவியின் அம்மா தன் ஸ்கூட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கணவர் சிங்கப்பூரில், வீட்டைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறவர். அதிகம் பேசாதவர்.

"நோன்புக்கு முன்னாடி வச்சீங்கன்னா அனுப்புறேன் டீச்சர். ரொம்ப தூரம் மட்டும் வேண்டாம்."

சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். வேண்டாவெறுப்பாகச் சம்மதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நாளைக்கே மனம் மாறினாலும் மாறும் என்று அன்றைக்கே பயம் பிடித்தது.

காலண்டரை மறுபடி விரித்தோம். சம்பா அறுவடைக்குப் பின், ரமலான் நோன்புக்கு முன், செய்முறைத் தேர்வுக்கும் முன். பிப்ரவரியில் ஒரே ஒரு வார இறுதி மிஞ்சியது. வெள்ளி மாலை போய் ஞாயிறு மாலை திரும்புவது. அந்தக் கட்டத்தைச் சுற்றி அணித் தலைவி சிவப்பு மையில் வட்டம் போட்டாள்.

இடத்துக்கு அலைந்தேன். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் சாரணி ஒருத்தியின் அப்பாவுக்கு ஊருக்கு வெளியே நிலம். சாலையோரம், பம்புசெட் உண்டு, வாய்க்கால் உண்டு. "பிப்ரவரியில எல்லாம் தரிசுதான் டீச்சர். தாராளமா முகாம் போட்டுக்குங்க" என்றார். பொங்கலுக்கு முன் போய்ப் பார்த்தேன். கதிர் சாய்ந்து நின்றது. இது போய்விட்டால் எவ்வளவு பெரிய வெட்டவெளி என்று வரப்பில் நின்று கணக்குப் போட்டேன். கொடிமரம் நடுவில், கூடாரங்கள் லாட வடிவத்தில் சுற்றிலும்.

கடைசி மழையால் அறுவடை தள்ளிப்போனது. அறுக்கும் இயந்திரம் பக்கத்து ஊரில் சேற்றில் மாட்டிக்கொண்டது. நான் தினமும் அவருக்குப் போன் செய்தேன். முகாமுக்கு முந்தைய வாரம்தான் சொன்னார்: "அறுத்தாச்சு டீச்சர். இப்ப தரிசுதான்." அன்று இரவு நான் உட்கார்ந்து சாப்பிட்டதாகக் கணவர் பிறகு எல்லோரிடமும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் கூடாரம், பாத்திரம், அரிசி எல்லாவற்றையும் ஒரு குட்டி யானை வண்டியில் ஏற்றி, பிள்ளைகளை வேனில் ஏற்றிக் கிளம்பினோம். அணித் தலைவியின் அம்மா மகளை ஸ்கூட்டியில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு வேனைத் தொடர்ந்து வந்தார். சாலையிலிருந்து பார்த்தால் அறுத்த நெல் தாள்தான் தெரிந்தது. விசில் அடித்தேன். கூடாரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிய பிள்ளைகள் வரப்பில் வரிசையாக நின்றுவிட்டார்கள்.

தாளுக்கு நடுவே, வயல் முழுக்க, இரண்டிரண்டு இலையாகப் பச்சை. உளுந்து.

எனக்கு வந்த கோபத்தில் காது சுட்டது. நிலக்காரரிடம் போனில் கத்தினேன். அவர் பைக்கில் பறந்து வந்தார்.

"தரிசுன்னு சொன்னீங்களே?"

"தரிசுதான் டீச்சர். தரிசுல உளுந்து போட்டிருக்கு. அறுக்கறதுக்கு முன்னாடியே நெல்லுக்குள்ள தெளிச்சிடுவோம்ல. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

எல்லோருக்கும் தெரிந்தது கும்பகோணம் கடைத்தெருவில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தரிசு என்றால் ஒன்றுமில்லாத நிலம். அவருக்கு அது சம்பாவுக்கு அடுத்த பட்டம்.

"அப்ப முகாம் போட்டுக்கச் சொன்னது எங்கே?"

"நான் கண் ஆஸ்பத்திரி முகாம் மாதிரின்னு நெனைச்சேன். பம்புசெட்டுக்கிட்ட ஒரு மேசை, நாலு நாற்காலி போடுவீங்க, புள்ளைங்க வந்துட்டுப் போகும்னு." அவரும் கூடாரக் குவியலைப் பார்த்து அரண்டுபோய்த்தான் நின்றார். அவரை எவ்வளவு நேரம் திட்ட முடியும்? பாதித் தப்பு என் காதில்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அணித் தலைவி யாரையும் பார்க்காமல் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா என்னிடம் வந்தார்.

"இப்ப என்ன டீச்சர், திரும்பிடறதா?"

வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போகக் காத்திருந்த மாதிரி எனக்குக் கேட்டது. "இல்லை" என்று வெடுக்கென்று சொன்னேன். சொன்னேனே தவிர, கையில் ஒரு வழியும் இல்லை. வரப்பில் இங்கும் அங்கும் நடந்தேன். பம்புசெட்டைச் சுற்றினேன். வாய்க்கால் கரையில் ஏறினேன்.

வாய்க்கால் காய்ந்து கிடந்தது. மேட்டூர் அணையை மூடியாயிற்று. அடியில் மணல் படிந்து, பாய் விரித்த மாதிரி நேராக இருந்தது. அந்தப் பெண் எனக்கு முன்பே அதைப் பார்த்திருந்தாள் போல. கயிற்றோடு கீழே குதித்து, காலால் மணலை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல தண்ணி வந்துருமா?" என்று நிலக்காரரைக் கேட்டேன்.

"நாத்து காஞ்சப்பவே எங்களுக்கு வரல. இனிமேவா வரப்போவுது?" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை.

லாட வடிவம் போயிற்று. கூடாரங்கள் ரயில் பெட்டி மாதிரி வாய்க்காலுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கொடிமரத்தைக் கரையில் நட்டோம். ஆண்டுத் திட்டத்தில் எழுதிய எதுவும் எழுதிய இடத்தில் இல்லை. பிள்ளைகளுக்கு அதுவே கொண்டாட்டமாக இருந்தது. எனக்கு மட்டும் மதகுப் பக்கமே கண் போய்க்கொண்டிருந்தது. எங்கிருந்தாவது தண்ணீர் வந்துவிடும் என்று மணலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

அந்த அம்மா போகவில்லை. கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். இருட்டிய பிறகுதான் ஸ்கூட்டி கிளம்பிய சத்தம் கேட்டது. சனிக்கிழமை சாயங்காலம் மறுபடி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார். கூடாரத்தைப் பார்க்கிறார், அடுப்பைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். வேவு பார்க்கிற மாதிரி இருந்தது. எனக்குள் கோபம் ஏறிக்கொண்டே போனது. பெண்ணை நம்பி அனுப்பினால் முழுதாக அனுப்ப வேண்டும், இல்லையென்றால் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். இரண்டில் ஒன்று கேட்டுவிடுவது என்று கரையேறினேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கலாமா? பெரியவங்க தங்கக் கூடாதுன்னு எதுவும் இருக்கா?"

"ஏன்?"

"இன்னைக்கு ஒரு ராத்திரி நானும் படுத்துக்கட்டுமா? நான் படிக்கறப்ப இதே படையிலதான் இருந்தேன். முகாமுக்கு எங்க அத்தா விடல." முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். "தலவாணி கொண்டாந்திருக்கேன். நேத்தே வண்டியில வச்சிருந்தேன். கேக்க வாய் வரல."

நேற்று வயலைப் பார்த்து அவர் "திரும்பிடறதா" என்று கேட்டது நினைவுக்கு வந்தது. கரையேறும்போது அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட எனக்கு உதவவில்லை. என் கூடாரத்தில் இடம் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

கீழே மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மேலே ஏறி வந்து, ஸ்கூட்டி இருக்கையைத் தூக்கித் தலையணையை எடுத்தாள். அம்மாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

"டீச்சர் கூடாரத்துல வேண்டாம்மா. அவங்க ராத்திரி பூரா எந்திரிச்சு எந்திரிச்சுப் போவாங்க. எங்க அணியில படு." பிறகு அணித் தலைவியின் குரலில், "ஆனா காலையில அடுப்பு உன் முறை" என்றாள்.

அம்மா செருப்பைக் கரையில் கழற்றி வைத்துவிட்டு, புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, மகளின் கையைப் பிடித்து வாய்க்காலுக்குள் இறங்கினார். அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன். சோறு கொதிக்கிறது என்று கீழேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை.