மஞ்சள் விளக்கை நம்ப வைக்கிற வேலை

விமானி அறையிலுள்ள திரைகளும் விளக்குகளும் எச்சரிக்கைக் குரல்களும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்ப்பது என் தொழில். அவை ஒழுங்காக இருக்கும்வரை என்னை ஒருவருக்கும் தெரியாது, ஒன்று பிழையாகிப்போனால் மட்டக்களப்பு முழுக்கத் தெரியும்.

கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையில் இந்தத் தொழிலைப் படித்து, கட்டாரில் ஏழு வருடம் பெரிய விமானங்களில் வேலை செய்துவிட்டு, சொந்த ஊரிலேயே ஒரு சின்னக் கம்பனியில் வந்து சேர்ந்தேன். கம்பனியிடம் இருந்தது ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்று. கீழே இரண்டு மிதவைகள், அந்த மிதவைகளுக்குள் மடங்கிக்கொள்ளும் சக்கரச் சில்லுகள். ஓடுபாதையிலும் இறங்கும், ஊரை ஒட்டிய வாவித் தண்ணீரிலும் இறங்கும். அதில் எச்சரிக்கிற சாமான் மட்டும் இருபதுக்கு மேல். எண்ணெய் குறைந்ததென்று விளக்கு எரிய எரிய மோட்டார் சைக்கிளை வாழைச்சேனை வரை ஓட்டிப் போனவர்களும், ‘பட்டரி குறைவு’ என்று ஃபோன் கெஞ்சக் கெஞ்ச விரலால் தள்ளிவிட்டவர்களும் இதை வாசிப்பீர்கள். வெட்கப்பட வேண்டாம். நீங்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான்.

எழும்பு, எழும்பு

வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை. நிலம் கிட்ட வந்தால் எச்சரிக்கும் கருவியைச் சோதிக்க வேண்டியிருந்தது. பொத்தானை அமத்தினால் அது தன்னைத் தானே சோதித்து, கடைசியில் தன் குரலையும் ஒருமுறை கேட்கவைக்கும். ஒலிபெருக்கி முழுச் சத்தத்தில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. பின்னால் இருக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்த புஷ்பமக்காவையும் கவனிக்கவில்லை.

“புல் அப்! புல் அப்!” என்று ஒரு ஆண்குரல் இடி மாதிரி அலறியது. துடைக்கிற துணி ஒரு பக்கம், வாளி ஒரு பக்கம். புஷ்பமக்கா படியில் கால் வைக்காமலே கீழே இறங்கிவிட்டார். நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்து, இது மலையோ நிலமோ கிட்ட வந்தால் “எழும்பு, எழும்பு” என்று விமானிக்குச் சொல்கிற கருவி, இப்போது சும்மா சோதித்துப் பார்த்தேன் என்று விளங்கப்படுத்தினேன். அவர் தண்ணீரை முழுக்கக் குடித்து முடித்தார். விமானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“நிலத்தில நிக்கிற பிளேனுக்கு நிலம் கிட்ட வந்திட்டு எண்டு சொல்ல ஒரு மிசின், அந்த மிசினப் பாக்க ஒரு மிஸ்!”

நண்டுப் பெட்டி

இது என் பிழை. அதனால் மறைக்காமல் சொல்கிறேன்.

சாமான் கதவு சரியாகப் பூட்டவில்லை என்றால் விமானிக்கு முன்னால் மஞ்சள் விளக்கு ஒன்று எரியும். ஒரு மாரி காலத்தில் அந்த விளக்கு கதவு பூட்டியிருக்கும்போதே எரியத் தொடங்கியது. நான் போய்ப் பார்ப்பேன், கதவு இறுக்கமாக இருக்கும். கதவு பூட்டியதை உணரும் தொடுமுனையை ஸ்பிரிட் போட்டுத் துடைப்பேன், விளக்கு அணையும். ‘பழுது காணப்படவில்லை’ என்று எழுதிக் கையெழுத்து வைப்பேன். இரண்டு நாளில் திரும்ப எரியும். இப்படி ஐந்து முறை. ஆறாவது முறை எரிந்தபோது எங்கள் விமானி கப்டன் நிமல் ஓடுபாதை முனையிலிருந்து எனக்கு ஃபோன் எடுத்தார். “உன்ட லைற் திரும்பவும் எரியுது. என்ன செய்யிற?” நான் பகல் சாப்பாட்டில் இருந்தேன். “அது வழமையான பொய்தான் கப்டன், போங்க” என்றேன். கறி மணத்த கையோடு சொன்ன அந்த வார்த்தையை இன்றைக்கும் என்னால் விழுங்க முடியவில்லை.

அன்றைக்கு அது உண்மை. சாமான் ஏற்றியவர் கைபிடியை முழுக்கத் திருப்பவில்லை. விமானம் ஓடத் தொடங்கியதும் கதவு திறந்து, கொழும்புக்குப் போகவிருந்த வாவி நண்டுப் பெட்டி ஓடுபாதையில் விழுந்து உடைந்தது. கப்டன் உடனே நிறுத்திவிட்டார். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. கொடுக்குகளைக் கட்டியிருந்தாலும் கால்கள் கட்டப்படாத நண்டுகள் நாலு பக்கமும் நடந்தன. அவற்றைத் தீயணைப்புக்காரர்களோடு சேர்ந்து நானும் பொறுக்கினேன். பிறகு மூன்று நாள் இருந்து அந்தக் கதவின் வயரை முழுக்க உருவிப் பார்த்தேன். இணைப்புக்குள் உப்பு பூத்து வெள்ளையாகக் கிடந்தது. முழுதையும் மாற்றினேன். அதற்குப் பிறகு அந்த விளக்கு ஒருநாளும் பொய் சொல்லவில்லை. ‘பழுது காணப்படவில்லை’ என்று நானும் ஒரே பழுதுக்கு இரண்டாம் தரம் எழுதியதில்லை. ஆனால் நண்டு பொறுக்கும்போதே தீயணைப்புப் பொறுப்பாளர் சொன்னதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

“மிஸ், இவ்வளவு நாளும் அது பொய் சொல்லல்ல. உங்களக் கூப்பிட்டிருக்கு.”

திரையில் வராதவர்கள்

புதுத் திரை பொருத்திய நாள் எனக்குத் தலைகால் புரியவில்லை. மழை மேகம் எங்கே, உயரமான இடம் எங்கே, பக்கத்தில் பறக்கிற விமானம் எங்கே, எல்லாம் நிறம் நிறமாக ஒரே இடத்தில் தெரியும். வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினேன். ஓடுபாதையில் பறவைகளை வெடி போட்டுக் கலைக்கிற ரவூப் நானாவையும் கூப்பிட்டு உள்ளே இருத்தினேன். எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். “கொக்குத் தெரியுமா மிஸ்?” என்றார். இல்லை என்றேன். “கூழைக்கடா?” அதுவும் இல்லை. “ம்” என்று இறங்கிப் போனார்.

அடுத்த கிழமை காலையில் நானும் விமானத்தில் இருந்தேன். பின்னால் எட்டுப் பயணிகள். திரை துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி வெறுமையாக இருந்தது. புறப்பட அனுமதி கேட்டால், பொறுங்கள் என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து பதில் வந்தது. ரவூப் நானா வேண்டாம் என்கிறாராம். கப்டனுக்கு எரிச்சல். எனக்கு அதைவிட எரிச்சல். வானத்தில் ஒன்றுமில்லையே என்று முணுமுணுத்து வாய் மூடவில்லை, வாவிப் பக்கத்து மரங்களுக்குப் பின்னாலிருந்து கூழைக்கடாக் கூட்டம் ஒன்று பாரமாக எழும்பி, நாங்கள் ஏறிப்போயிருக்க வேண்டிய உயரத்தில், ஓடுபாதையைக் குறுக்கே கடந்தது. ஒற்றை எஞ்சின் விமானத்தை விழுத்த அதில் ஒன்றே போதும். கப்டன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். திரும்பி வந்ததும் நான் ரவூப் நானாவிடம் போய் நன்றி சொன்னேன். அவர் வெடிக்கட்டைச் சாக்குக்குள் போட்டுக்கொண்டே சிரித்தார்.

“உங்கட திரையில வராத ஆக்களுக்குத்தான் மிஸ் எனக்குச் சம்பளம்.”

தட்டித் தட்டி

எங்கள் விமானத்தில் விமானிக்கும் பயணிகளுக்கும் இடையில் கதவு கிடையாது. கருவி பேசினால் முன்வரிசையில் இருப்பவருக்கும் கேட்கும். ஒருநாள் கொழும்பிலிருந்து வரும்போது முன்வரிசையில் என் பக்கத்தில் ஒரு சங்கீத ஆசிரியர். கல்குடாப் பக்கத்தவர். பிறவியிலேயே பார்வை இல்லை. இறங்கும் நேரம் கருவி ஆங்கிலத்தில் “ஐந்நூறு” என்றது. என்ன ஐந்நூறு என்று கேட்டார். நிலத்துக்கு இன்னும் ஐந்நூறு அடி இருக்கிறது, வயிற்றுப் பக்கத்திலிருந்து ஒரு அலையை நிலத்துக்கு அனுப்பி, அது பட்டுத் திரும்பி வர எடுக்கிற நேரத்தை வைத்து விமானம் உயரத்தைக் கண்டுபிடிக்கும் என்றேன். அவர் மடக்கி வைத்திருந்த தன் கைத்தடியைத் தடவினார். சில்லு நிலத்தில் படும்வரை முகத்தில் அப்படி ஒரு சந்தோசம்.

“அப்ப இதுவும் என்னப் போலதான் மகள், தட்டித் தட்டித்தான் வருது.”

கீழே தண்ணீர்

கப்டன் நிமலைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. நீர்கொழும்புக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார், என்னை ‘நங்கி’ என்று தங்கச்சி முறை வைத்துத்தான் கூப்பிடுவார். அவரைப்போல மெதுவாக வாவியில் இறக்குகிற விமானி இந்தப் பக்கம் இல்லை. ஓடுபாதையில் இறங்கும்போது சில்லு வெளியே இருக்க வேண்டும். தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்க வேண்டும். வெளியே வைத்துக்கொண்டு தண்ணீரைத் தொட்டால் சில்லு தண்ணீரில் இடறி, விமானம் தலைகீழாகப் புரண்டுவிடும். அதற்காகவே ஒரு பெண்குரல் இருக்கிறது. வேகம் குறைந்ததும் ‘சில்லு உள்ளே, தண்ணீருக்குச் சரி’ அல்லது ‘சில்லு வெளியே, ஓடுபாதைக்குச் சரி’ என்று ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொல்லும். விமானி பொத்தானை அமத்தினால்தான் நிறுத்தும்.

அன்றைக்குக் கல்குடாவில் தங்கியிருந்த குடும்பம் ஒன்று, பிள்ளைகள் இருவரோடு, வாவியில் இறங்கிப் பார்க்க ஆசைப்பட்டது. ஓடுபாதையிலிருந்து எழும்பினால் வாவி ஐந்து நிமிடம். எழும்பிய உடனே வானொலியில் ஒரு அழைப்பு. பேசி முடிக்கும்போது வாவி வந்துவிட்டது. இந்தச் சந்தடியில் சில்லை உள்ளே எடுக்க அவர் மறந்திருந்தார். திரையைக் கவனிக்க வலப்பக்கம் இருந்த எனக்கும் அது தெரியாது. குரல் தொடங்கியது. அவருடைய பெருவிரல் பழக்கத்தில் பொத்தானை அமத்தியது. குரல் நின்றது. அந்தச் சொற்கள் மட்டும் என் காதில் நின்றன. ‘ஓடுபாதை’ என்றல்லவா சொன்னது?

“கப்டன், அது ரன்வே எண்டு சொன்னது! கீழ தண்ணி!”

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, ஏன் என்று கேட்கவில்லை. கை எஞ்சினுக்கு முழு வலுவையும் கொடுத்தது. தோணி ஒன்றில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்க்கிற தூரத்திலிருந்து நாங்கள் மேலே ஏறினோம். ஒரு வட்டம். சில்லு உள்ளே. சில்லு உள்ளே போனதைக் காட்டுகிற நாலு நீல விளக்கும் எரிகிறதா என்று இருவரும் ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினோம். இரண்டாம் முறை வாவி பாய் விரித்த மாதிரி எங்களை வாங்கிக்கொண்டது. பிள்ளைகள் கை தட்டினார்கள். தாய், ஏன் முதலில் இறங்கவில்லை என்று கேட்டார். “நான் ஒரு பிழை விட்டன், அதைத் திருத்திப்போட்டு வந்தன்” என்று கப்டன் நேரே சொன்னார். அன்று பின்னேரமே தன் பெயரில் அறிக்கையும் எழுதினார். அதற்குப் பிறகு, அந்தக் குரல் என்ன சொல்கிறதோ அதைத் தன் வாயாலும் ஒருமுறை சொல்லாமல் அவர் பொத்தானில் விரல் வைத்ததில்லை. புதிதாக வருகிற விமானிகளுக்கும் அதுதான் முதல் பாடம். அறிக்கையை எழுதி முடித்துப் பேனையை மூடும்போது என்னிடம் சொன்னார்:

“நங்கி, ஆயிரம் தரம் சரியெண்டு கேட்ட காது, ஆயிரத்தோராம் தரமும் சரியெண்டுதான் கேட்கும்.”

எச்சரிக்கைக் கருவியைத் திருத்துவது எனக்கு அரை நாள் வேலை. அதைக் கேட்கிற காதைத் திருத்துவதுதான் முழுநேர உத்தியோகம், அதற்கு உதிரிப்பாகம் மட்டும் இன்னும் எந்த நாட்டிலிருந்தும் வந்தபாடில்லை.