முகூர்த்தச் சேலையும் கஞ்சி குடித்த ஏர் ஃபில்டரும்

“...அப்ப என் தங்கச்சி கழுத்துல தாலி ஏறுற நேரத்துல நான் நடுரோட்டுல நின்னுக்கினு இருக்கறதுக்கு, நான் போட்ட கஞ்சிதான் காரணம்ன்றியா?”

கேட்டவர் எங்கள் எதிர்வீட்டு அக்கா. பட்டுத் தறிக்காரர் வீடு. காஞ்சிபுரத்திலிருந்து மாகறல் போகிற வழியில், ஒரு புளியமரத்தடியில், நான் ஓட்டிய கறுப்பு டாக்சி கரும்புகையைக் கக்கிவிட்டு நின்றிருந்தது. அக்கா கையில் வெள்ளைத் துணி மூட்டை ஒன்று. உள்ளே இருந்தது முகூர்த்தச் சேலை. மாகறல் கோயிலில் மணப்பெண் தலை பின்னி, பூ வைத்து, அந்தச் சேலைக்காகக் காத்திருந்தாள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. டாக்சி என்னுடையது அல்ல, முதலாளியுடையது. எனக்கு முன்னால் ஓட்டியவர் ஏர் ஃபில்டர் இல்லாமலே பாலாற்று மணல் பறக்கிற ரோட்டிலெல்லாம் ஓட்டியிருக்கிறார். மணல் உள்ளே போய் எஞ்சினைத் தின்றுவிட்டது. அதைப் பிரித்துச் சேர்த்த பிறகுதான் சாவி என் கைக்கு வந்தது. “மூக்கு இல்லாம ஒரு மைல் ஓட்டினன்னு தெரிஞ்சாலும், சாவிய ஆணியில மாட்டிட்டுப் போயிக்கினே இரு” என்று சொல்லித்தான் கொடுத்தார். ஏர் ஃபில்டருக்கு அவர் வைத்த பெயர் மூக்கு. பள்ளிக்கூடம் என்னை அஞ்சாம் வகுப்போடு விட்டுவிட்டது. மிச்சப் பாடத்தை இப்படிப் பேசுகிறவர்களின் வாயிலிருந்துதான் பொறுக்கிக்கொண்டேன்.

காரோடு வந்த ஃபில்டர் எப்போதோ வீணாகியிருந்தது. மெக்கானிக் ஒரு கம்பிக்கூட்டின் மேல் தடித்த துணியில் உறை தைத்து மாட்டியிருந்தார். தகர மூடியைத் திருகிக் கழற்றி, உறையை உருவி, கல்லில் தட்டினால் செம்மண்ணாகக் கொட்டும். பிறகு மண்ணெண்ணெயில் அலசி, சவுக்காரம் போட்டுக் கசக்கி, காயவைத்து, நாலு சொட்டு எஞ்சின் ஆயில் தடவி மாட்ட வேண்டும். தூசி அந்த எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும், காற்று மட்டும் உள்ளே போகும்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையிலேயே அந்த வேலையை முடித்துவிட்டேன். நல்ல காரியத்துக்குப் போகிற வண்டி இருமக் கூடாது என்று எனக்கு ஆசை. உறையை அக்கா வீட்டுக் கொடியில் காயப்போட்டுவிட்டு, வண்டியைத் தொடாமல் டாக்சி ஸ்டாண்டுக்கு நடந்தேன். வாலாஜாபாத் சவாரி ஒன்று வந்தது. உறை இன்னும் காயவில்லையே என்று அவர்களை இன்னொரு டாக்சியில் அனுப்பிவிட்டு, ஸ்டாண்டிலேயே பேசிக்கொண்டிருந்தேன்.

அன்று தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். தறியில் ஏறப்போகிற இழைகளை விடியலில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தோய்த்து, சிலும்பு படியத் தேய்ப்பார்கள். அப்படிப் பாவு நீட்டுகிற நாளில், மிஞ்சிய கஞ்சியில் அக்கா வீட்டில் துவைத்ததெல்லாம் முங்கி எழும். என் காக்கிச் சட்டைக்கும் அவர் கைக் கஞ்சிதான். தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்த எனக்குச் சட்டை விறைப்பாக இருந்ததும், ராத்திரிச் சோற்றோடு குழம்பு இருந்ததும் அந்த வீட்டின் புண்ணியம். இதற்கெல்லாம் நான் நன்றி சொல்லப்போனால், “இன்னாபா, கல்யாணப் பத்திரிகை மாதிரி பேசற” என்று வாயை அடைத்துவிடுவார்.

கொடியில் என் உறையைப் பார்த்திருக்கிறார். துவைத்த துணி கஞ்சி இல்லாமல் தொங்கினால் அவருக்குப் பொறுக்காது. முக்கிவிட்டார். என் சட்டைக்குப் போட்டதை என்றைக்காவது சொன்னாரா, இதைச் சொல்ல?

மறுநாள் விடிந்ததும் ஒரே களேபரம். ஊருக்கெல்லாம் நெய்து கொடுத்த பிறகுதான் தறிக்காரர் வீட்டில் சொந்தக் கல்யாணச் சேலை தறியேறும். அதனால் அக்காவின் வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், அன்று காலையில்தான் சேலையைத் தறியிலிருந்து அறுத்தார். மற்றவர்கள் முந்தின நாளே பஸ்ஸில் மாகறல் போய்விட்டார்கள். அக்கா சேலையை வெள்ளைத் துணியில் சுற்றி, முனைகளில் மஞ்சள் தடவி முடிந்துகொண்டார்.

“கலர் என்னக்கா?” என்றேன்.

“சாமி கால்ல வெச்சி எடுக்கற வரிக்கும் வெளியாள் கண்ணு படக்கூடாதுபா. எங்க வீட்டு வழக்கம். நீ மூக்க மாட்டு, போவலாம்.”

உறையை எடுத்தேன். அப்பளம் மாதிரி இருந்தது. வெயில் நன்றாகக் காயவைத்திருக்கிறது என்று மெச்சிக்கொண்டேன். ஆயில் தடவினால் உள்ளே இறங்காமல் முத்து முத்தாக நின்றது. அதையும் நின்று பார்க்க நேரம் இல்லை. அக்கா பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஹாரனை விடச் சத்தமாக என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஊர் தாண்டும்வரை எப்படியோ முனகிக்கொண்டு ஓடியது. பிறகு ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கப் புகைதான் வந்தது. புளியமரத்தடியில் நின்றேவிட்டது.

மூடியைக் கழற்றி உறையை வெளியே எடுத்தேன். முன்சீட்டில் தூங்கிக்கொண்டு வந்த மாமா இறங்கி வந்து, அதை நகத்தால் தட்டிப் பார்த்தார். வாயில் வைத்து ஊதினார். கன்னம்தான் உப்பியது.

“அரிசிக் கஞ்சி” என்றார். “கொஞ்சம் கெட்டி. பாவா இருந்தா இழ ஒடைஞ்சிடும்.”

அப்போதுதான் அக்கா நான் முதலில் எழுதிய அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“உன்ன யாரும் சொல்லல. கஞ்சியதான் சொல்றோம்” என்றார் மாமா.

“கஞ்சி தானா நடந்து போயா ஒட்டிக்கிச்சி? என்னதான் சொல்றீங்க. சரி, அது இல்லாம வண்டி ஓடாதா?”

“ஓடும்கா. ஓட்டினா முதலாளி...” என்று இழுத்தேன். எதிரே போன மாட்டுவண்டிக்குப் பின்னால் புழுதி ஆள் உயரம் எழும்பி நின்றது. வேலை போனாலும் போகட்டும், ஒரு பெண்ணின் கல்யாணம் அல்லவா என்று மூடியைப் போட்டுத் திருகப் போனேன்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். “இருபா. எனக்குத் தாலி, உனக்குச் சாவி. ரெண்டும்தான் போய்ச் சேரணும். வேற துணி கட்டினா ஆவாதா?”

டிக்கியில் கிடந்த துடைக்கிற துணி கிரீஸில் ஊறிக் கிடந்தது. மாமா தோளில் இருந்ததும் இடுப்பில் இருந்ததும் பட்டு. “இத கட்டினா எறும்பு வுடற மூச்சுகூட உள்ள போவாது. நான் நெய்ஞ்ச நெருக்கம் அப்படி” என்று அந்த நிலையிலும் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டார். நான் என் சட்டைப் பொத்தானைக் கழற்றினேன். மாமா அதன் காலரைத் தொட்டுப் பார்த்து, “இதுலயும் அதே கஞ்சிதான்பா” என்றார்.

மூவரும் சிரித்துவிட்டோம். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது. அக்கா கையிலிருந்த மூட்டையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பட்டைச் சுற்றுகிற துணிக்கு மட்டும் தறிக்காரர் வீட்டில் கஞ்சி போடமாட்டார்கள், பூச்சி வரும். காற்று நுழைகிற மெல்லிய நெசவு. பழையது, சுத்தமானது.

“அந்தப் பக்கம் திரும்புபா” என்றார்.

திரும்பினேன். முடிச்சு அவிழ்கிற சத்தம் கேட்டது. தோளுக்கு மேலாக அந்தத் துணி என் கைக்கு வந்தது, மஞ்சள் முனைகளோடு. எத்தனையோ வண்டி ஓட்டிவிட்டேன். ஏர் ஃபில்டரைக் கழற்றும்போதெல்லாம், கேட்காமலே தோளுக்கு மேலாக வந்த அந்தத் துணியின் கனமின்மை கைக்கு ஞாபகம் வந்துவிடுகிறது.

கம்பிக்கூட்டின் மேல் இரண்டு மடிப்பாகச் சுற்றினேன். மாமா மடியிலிருந்து நூல் எடுத்துத் தறி முடிச்சாகப் போட்டார். எஞ்சினில் ஆயில் பார்க்கிற குச்சியை உருவி, அதில் வழிந்ததைத் துணியில் தடவி, மூடியைத் திருகினேன்.

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஒரு செருமல் செருமிவிட்டுத் தன் பழைய குரலுக்கு வந்தது. கியர் விழுந்து, புளியமரம் பின்னால் போனது. இதே ஓட்டத்தில் போனால் கெட்டிமேளத்துக்கு முன்பே கோயில் வாசலில் நிறுத்திவிடலாம். பின்னால் மூச்சுப் பேச்சில்லையே என்று நிமிர்ந்து, எதிரே இருந்த கண்ணாடியைப் பார்க்கப் போனேன்.

அதற்குள் அக்கா, மடியில் இருந்த சேலையைத் தன் முந்தானையால் மூடிப் பிடித்துக்கொண்டு, பின்சீட்டிலிருந்து எழுந்து ஒரு கையை நீட்டி, அந்தக் கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பி வைத்தார்.