மல்லாட்டையும் கைது!

போன வாரம் ஒரு பிற்பகலில் நான் கைது செய்யப்பட்டேன். எனக்கே தெரியாது. மஞ்சக்குப்பத்தில் ஒரு சலூன் நாற்காலியில், பாதி முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தேன்.

செய்தி போனது சிதம்பரத்துக்கு. அக்கா மகள் ஜெனி அங்கே விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவளுக்கு ஒரு கால். தெரியாத நம்பர். ஆனால் குரல்... சாட்சாத் என் குரல்!

“ஜெனிஃபர், மாமா பேசுகிறேன். புவனகிரி அருகே என் வண்டி ஒருவர்மீது மோதிவிட்டது. காவல் நிலையத்தில் இருக்கிறேன். அம்மாவிடம் சொல்லாதே. உடனடியாகப் பணம் அனுப்பு.”

நான் வண்டி ஓட்டுகிற வேகத்துக்குத் தெருநாய்கூட எழுந்து வழிவிடாது. அது கிடக்கட்டும். என் குரல் அவனுக்கு எப்படிக் கிடைத்தது? நான்தான் கொடுத்தேன். வாராவாரம் இந்தப் பத்தியை வாசித்து ரீல்ஸ் போடுகிறேனே! ஒருத்தரும் கேட்பதில்லை என்று வருந்திக்கொண்டிருந்தேன். ஒருத்தன் உட்கார்ந்து கவனமாகக் கேட்டிருக்கிறான். ஒவ்வொன்றிலும் அக்கா மகள் என்று ஜெனியை டேக் வேறு பண்ணியிருந்தேன். அதை ஏஐக்கு ஊட்டிவிட்டால் போதுமாம் — அவன் பேசுவதெல்லாம் என் குரலில் வருமாம்.

ஜெனி நம்பிவிட்டாள். அக்கவுண்டில் இருந்தது ஸ்காலர்ஷிப் பணம் மட்டும்தான். மறுநாள் அதில் தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் இந்த செமஸ்டர் அம்போ. ஆனாலும் மாமா ஸ்டேஷனில் நிற்கிறாரே... பணம் அனுப்பும் ஆப்பைத் திறந்தேவிட்டாள்.

அப்போதுதான் ஒரு வார்த்தை உறுத்தியது. ‘உடனடியாக’.

ரீல்ஸில் நான் மேடைத் தமிழ் பேசுவேன் — படித்தவன் மாதிரி தெரியட்டுமே என்று. வீட்டில் வாயைத் திறந்தால் கடலூர் பஸ் ஸ்டாண்டே வெளியே வரும். எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். ரீல்ஸில் மட்டும் அதை ‘நிலக்கடலை’ என்று மரியாதையாகக் கூப்பிடுவேன். ஆனால் ஜெனியைப் பார்க்கப் போகும்போதெல்லாம் பையில் இருப்பது அவித்த மல்லாட்டைதான்.

ஜெனி மெதுவாகக் கேட்டிருக்கிறாள்:

“அய்யய்யோ மாமா... மல்லாட்ட என்னாச்சு?”

என் குரல் சொன்னது:

“மல்லாட்டையும் என்னோடுதான் இருக்கிறார். அவரையும் பிடித்து வைத்திருக்கிறார்கள்.”

“அடி கிடி பட்டுச்சா?”

“லேசாக. நீ பயப்படாதே.”

“தோலு உரிஞ்சிருக்குமே மாமா?”

“ஆமாம், கொஞ்சம் உரிந்துவிட்டது...”

“டேய், வைடா ஃபோன! எங்க மாமன் குரல எடுத்துட்ட, சரி. நாக்க எடுக்க முடியல பாரு!”

கட் பண்ணிவிட்டு என் நம்பருக்கு அடித்தாள்.

“மாமா, உள்ள இருக்கியா, வெளிய இருக்கியா?”

“சலூன்ல இருக்கேன்டி. என்னா?”

விஷயம் கேட்டு, மீதிப் பாதியை மழிக்காமலே சிதம்பரம் பஸ் ஏறினேன். அறிவுரை சொல்ல வேண்டாமா?

“பணம்தான் போவலையே, வுட்டுடு. நானும் ரீல்ஸ எல்லாம் அழிச்சிடறேன்” என்றேன்.

“எதுக்கு அழிக்கணும்? திருடன் வந்தான்னு நீ வாய தெச்சிக்குவியா?”

“வம்பு எதுக்குடி...”

“வம்புக்கு வந்தது அவன். எனக்குப் போவல, சரி. அடுத்த பொண்ணோட மாமன் வீட்லயும் மேடைத் தமிழ் பேசறவனா இருந்தா? அவ என்னா பண்ணுவா?”

பாதித் தாடியைச் சொறிந்துகொண்டேன்.

அன்றைக்கே சைபர் க்ரைமில் புகார் போட்டாள் — நம்பர், கால் வந்த நேரம், ஸ்கிரீன்ஷாட் எல்லாம் வைத்து. தேர்வுக் கட்டணத்தையும் கட்டினாள். பிறகு விடுதி வாசலிலேயே பெண்களைக் கூட்டிவைத்து ஒரு கிளாஸ். அவசரம் என்கிறானா, கட் பண்ணு. உன்னிடம் இருக்கிற பழைய நம்பருக்கு நீயே கூப்பிடு. யாரிடமும் சொல்லாதே என்கிறானா... முதலில் எல்லாரிடமும் சொல்லு!

உடனே ஒருத்தி மங்கலம்பேட்டையில் இருக்கும் தன் அப்பாவைக் கூப்பிட்டு, “நம்ம மாட்டுக்கு என்னா பேருப்பா?” என்று பரீட்சை வைத்தாள். “பெத்த அப்பனையே டெஸ்ட் பண்றியாடி?” என்று அவர் போட்ட சத்தம் ஸ்பீக்கர் போடாமலே எங்களுக்குக் கேட்டது.

“ஒரிஜினல்தான்” என்றாள் அவள் நிம்மதியாக.

பெரியவர்களை எதிர்த்துக் கேள்வி கேட்காதே என்றுதான் பிள்ளைகளை வளர்க்கிறோம். அந்தப் பணிவைத்தான் இந்தத் திருடர்கள் வலை போட்டுப் பிடிக்கிறார்கள். ஆகவே பிள்ளைகளே, கேளுங்கள். மாமா குரலோ மந்திரி குரலோ — எகிறிக் கேளுங்கள். யாராவது கோபித்துக்கொண்டால்?

கட் பண்ணுங்கள். அது நானே ஆனாலும்!