சாந்த்ராகாச்சி பிளாட்பாரத்தில் முந்திரிக்கொத்து

“...ஒரு வரி போதும்னுதான சொன்னேன், இவிய கட்டுக்கட்டா அடிச்சு வச்சிருக்காவ. இதுல என் வரி எங்க இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி” என்று மைனி தீர்ப்பு நகலை என் கடை மேசையில், ஊறுகாய் பாட்டில்களுக்கும் அப்பளக் கட்டுகளுக்கும் நடுவே விரித்தாள். மின்விசிறிக் காற்று பக்கங்களைத் தூக்கியது. நான் ஒரு ஓரத்தில் எடைக்கல்லை வைத்தேன். காபிப் பொடி வாங்க வந்திருந்த மாடிவீட்டு வங்காளி, நாங்கள் தாதா, அதாவது அண்ணா, என்று கூப்பிடுகிறவர், வாங்கிய பாக்கெட்டையே இன்னொரு ஓரத்தில் வைத்துவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

வங்காளத்துக்கு வந்து லேக் கார்டன்ஸில் மளிகைக் கடை வைத்துப் பிழைக்கிற எனக்கு, நுகர்வோர் ஆணையத்தின் ஆங்கிலம் சுலபத்தில் இறங்காது. பொட்டலம் கட்ட வருகிற பழைய பேப்பர்களைப் படித்துப் படித்து வந்த ஆங்கிலம் என்னுடையது; பாதியில் கிழிந்துபோன செய்திதான் எனக்குப் பழக்கம். முழுசாக ஒரு கட்டுக் காகிதத்தைக் கையில் கொடுத்தால் படபடப்பாக இருக்கிறது. அன்றைக்கு இன்னும் கூட. ஏனென்றால் மைனி கேட்ட அந்த ஒரு வரி உள்ளே இருக்கிறதா இல்லையா என்று எனக்கும் தெரியாது.

மைனி என்றால் சொந்தமில்லை. அவள் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை. எங்கள் தூத்துக்குடிப் பக்கம். அவரை நான் அண்ணன் என்று கூப்பிட்டதால் இவள் எனக்கு மைனி. தெருவில் இருக்கிற வங்காளிகள் எல்லாரும் அவளை ‘பௌதி’ என்பார்கள். அதுவும் அண்ணன் பெண்டாட்டிதான். ஊர் மாறி வந்தும் உறவு மாறவில்லை பார்த்தீர்களா என்று இதைப் புதிதாக வருகிற வாடிக்கையாளர் எல்லாரிடமும் சொல்லி மகிழ்கிறவன் நான்.

அவளுக்குக் கூடப்பிறந்தது ஒரே ஒரு தம்பி. அவன் கல்யாணம் சென்னையில் நிச்சயமானதும் மைனி கடைக்கு வந்து முதலில் வாங்கியது மஞ்சள் கயிறு. தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவான். மற்ற இரண்டும் மாப்பிள்ளையின் அக்கா போடவேண்டியது. நாத்தனார் முடிச்சு. “கூட்டத்துல கை நடுங்கிரக் கூடாதுல்லா” என்று அந்தக் கயிற்றை வீட்டு பிரிட்ஜ் கைப்பிடியில் கட்டிக் கட்டிப் பழகினாள். அண்ணன் தண்ணீர் பாட்டில் எடுக்கப் போகும்போதெல்லாம் பிரிட்ஜைத் தாலியோடு பார்த்துவிட்டு, “இதுக்கும் எனக்கும் ஒரே நிலைமதான்டே” என்று என்னிடம் வந்து சொல்வார்.

அப்புறம் சிறுபயறும் வெல்லமும் வாங்கிப் போனாள். பயறை வறுத்து மாவாக்கி, பாகில் பிடித்து, மாவில் முக்கிப் பொரித்து, ஒரு பெரிய டின் நிறைய முந்திரிக்கொத்து. கல்யாண வீட்டுக்கு. கிளம்பின அன்று சாயங்காலம் டாக்சியில் அந்த டின் என் மடியில்தான் இருந்தது. சாந்த்ராகாச்சி ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, போர்டில் வண்டி ‘சற்றுத் தாமதம்’ என்று ஓடுவதைப் பார்த்துவிட்டு, கடையைப் பூட்ட ஆளில்லை என்று நான் திரும்பிவிட்டேன்.

சற்றுத் தாமதம் என்ன ஆனது என்று மைனி வாயால் கேட்க வேண்டும். “நாலுநாள் பாக்கி வச்சவன் நாளைக்கு நாளைக்குங்க மாதிரி, இன்னும் ரெண்டு மணி நேரம், இன்னும் ரெண்டு மணி நேரம்னே விடிய வச்சிட்டாவ.” காளி பூஜை முடிந்து ஊர் திரும்புகிற கூட்டம் வேறு. முதல் அறிவிப்பு வந்ததுமே அண்ணன் செல்போனில் விமான டிக்கெட் பார்த்திருக்கிறார். விலை தலையைச் சுற்றினாலும் இடம் இருந்தது. வாங்கிவிடலாமா என்று விசாரணைக் கவுன்டரில் போய்க் கேட்டால், “எதுக்கு வீண் செலவு? வண்டி இதோ வந்துவிடும்” என்று பதில். அந்த ‘இதோ’வை நம்பியதுதான் அவர்கள் செய்தது. காலையில் மறுபடி பார்த்தால் விமானத்தில் ஒரு இடம் கூட இல்லை.

வண்டி கிளம்பும்போது நடுப்பகல். அவர்கள் போய் இறங்கி மண்டபத்துக்கு ஓடியபோது முகூர்த்தம் முடிந்து, தரை கழுவிக்கொண்டிருந்தார்கள். முடிச்சுகளைச் சித்தி மகள் போட்டிருந்தாள். தம்பி மைனி முகத்தைப் பார்க்காமலே சொன்னானாம்: “பிளேன்ல வந்திருக்கலாம்லா. துட்டைப் பாத்திருக்க.”

அவ்வளவுதான். அன்றைக்கு அறுந்த பேச்சு. போன் எடுப்பதில்லை. பொண்ணு வீட்டார் மத்தியில் தலைகுனிய வைத்துவிட்டாள் என்று அவனுக்கு. அவன் சொன்னதில் மைனிக்குச் சுட்டது வேறு. “வரலைன்னு சொல்லட்டும். தூங்கிட்டேன்னு சொல்லட்டும். துட்டைப் பாத்தேன்னு சொல்லலாமா அண்ணாச்சி? ஒரே தம்பி கல்யாணத்துக்கா?”

ரயில் அலுவலகத்தில் போய்க் கேட்டதற்கு, வண்டி ரொம்பத் தாமதமாகி, நீங்கள் ஏறாமல் டிக்கெட்டை ரத்து செய்திருந்தால் முழுப் பணமும் கிடைத்திருக்கும், ஏறிப் போய்விட்டீர்களே என்றார்கள். மைனி கடையில் வந்து இதைச் சொல்லி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். “அப்போ தம்பி கல்யாணத்துக்குப் போவாம வீட்ல கெடந்தா எனக்குத் துட்டு. போனா ஒண்ணும் கெடையாது. நல்லா இருக்குல்லா நியாயம்?”

அப்போதுதான் தாதா பக்கத்தில் வந்தார். வங்காள மண்ணில் பிறந்தவருக்கு ஒரு வழக்கு கிடைத்தால் வெல்லம் கிடைத்த மாதிரி. “சாட்பேன் நா, பௌதி!” என்று கையை உயர்த்தினார், விடாதீர்கள் என்று அர்த்தம். “கரியாஹாட் சந்தையில் மீன் வாங்கினாலே நாங்கள் செவுளைத் தூக்கிப் பார்த்துதான் வாங்குவோம். நீங்கள் இவ்வளவு பெரிய ரயிலைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு, அழுகிப்போனதைப் பேசாமல் கொண்டுபோய்ச் சமைப்பீர்களா?”

வக்கீல் வேண்டாம், நாமே வாதாடலாம் என்று மனுவை அவரே கணினியில் ஏற்றினார். நஷ்டஈடு எவ்வளவு என்று கேட்ட கட்டத்தில் மைனி, “என்னமும் போடுங்க. தப்பு ரயில்காரங்க மேல, இந்தப் பொம்பள மேல இல்லன்னு ஒரு வரி எழுதிக் கேளுங்க. அதைத் தம்பிக்கு அனுப்பணும்” என்றாள். சாட்சியம் கேட்ட இடத்தில் அவளே ஒரு போட்டோவைத் தேர்ந்தெடுத்தாள். சக பயணி யாரோ எடுத்து அனுப்பியது. மேலே ஸ்டேஷன் போர்டில் வண்டியின் தாமதம் பளிச்சென்று தெரிகிறது. அதற்காகத்தான் அந்தப் படம். கீழே என்ன தெரிகிறது என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. எங்கள் கண்ணுக்கு அதில் வித்தியாசமாக ஒன்றும் படாததுதான் காரணம். நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் பொட்டலத்தைப் பிரிப்பது எங்களுக்கு மூச்சுவிடுகிற மாதிரி.

விசாரணை அன்று ரயில்வே வக்கீலுக்கு அது உறைத்தது.

வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மாதிரியான இளைஞர் அவர். படத்தை இரண்டு விரலால் பிடித்து உயர்த்தினார். “மனுதாரர் பெரும் மன உளைச்சல் என்கிறார். அவரே தாக்கல் செய்த படத்தைப் பாருங்கள். பிளாட்பாரத்தில் விரிப்பு. சுற்றிலும் இருபது பேர். நடுவில் மனுதாரர் பலகாரம் பரிமாறுகிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள். அவர்தான் அதிகமாகச் சிரிக்கிறார். இது மன உளைச்சலா, பிக்னிக்கா?”

பின்பெஞ்சில் என் பக்கத்தில் இருந்த தாதா, “ஹே மா!” என்று வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். வழக்கு இதோடு போயிற்று என்றே நினைத்தேன். ராத்திரி முழுக்கக் காத்திருந்து பசித்து, டின்னைத் திறந்திருப்பாள் என்றுதான் நானும் அதுவரை எண்ணியிருந்தேன்.

மைனி எழுந்தாள். அவள் வங்காளம் மீன்காரியிடமும் பக்கத்து வீட்டிலும் கற்றது, தயங்காது.

“ஆமா, சிரிச்சேன்” என்றாள். “அந்த டின்ல என்ன இருக்குன்னு கேளுங்க.”

ஆணையத்தின் பெண் உறுப்பினர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “என்ன இருந்தது?”

“நாத்தனார் சீர். தாலி கட்டுறதுக்கு முந்தி நான் பொண்ணு வீட்டார் கையில குடுக்க வேண்டிய பலகாரம். முகூர்த்தம் முடிஞ்சா அது சீர் இல்ல, சும்மா திங்கப் பண்டம். காலைல பிளேனும் இல்லன்னு என் வீட்டுக்காரர் சொன்னாவ. எனக்குத் தம்பி கல்யாணம் அந்த நிமிஷம் முடிஞ்சு போச்சு. அதான் மூடியைத் திறந்தேன். கல்யாணச் சீரு, திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோவக் கூடாது. குப்பைல போட முடியுமா? அங்க இருந்த சனங்களுக்குக் குடுத்தேன்.”

“அப்படியானால் சிரித்தது ஏன்?”

“கல்யாணப் பலகாரத்தை அழுதுகிட்டே யாராவது குடுப்பாவளா? பொண்ணுக்கு ஆகாதுல்லா. எங்க வீட்ல யாரும் அப்படிக் குடுத்ததில்ல. அதான் பல்லைக் கடிச்சுச் சிரிச்சேன். இந்தப் படத்துல எல்லாரும் பலகாரத்தைப் பாத்துச் சிரிக்காவ. நான் எங்க பாக்கேன்னு பாருங்க.”

படம் மேசைக்குப் போனது. உறுப்பினர்கள் குனிந்தார்கள். நான் அந்தப் படத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அப்போதுதான் எனக்கும் புலப்பட்டது. கை பலகாரத்தை நீட்டுகிறது, வாய் சிரிக்கிறது, கண் மட்டும் அண்ணாந்து போர்டில் நிற்கிறது.

பிறகு அந்தப் பெண் உறுப்பினர், முகத்தில் எதையும் காட்டாமல் கேட்டார்: “ரயில்வே ஊழியர் யாராவது சாப்பிட்டார்களா?”

“விசாரணைக் கவுன்டர்காரரு ரெண்டு வாங்கித் தின்னாரு. நல்லா இருக்குன்னாரு.”

அறை குலுங்கச் சிரித்தது. வக்கீல் இளைஞரும் கோட்டு நுனியைக் கடித்துக்கொண்டார். சிரிப்பு அடங்கியதும் ஆணையத் தலைவர் அவரிடம் திரும்பி, வண்டி தாமதமானதற்குக் காரணம் என்ன என்று கேட்டார். ‘நிர்வாகக் காரணங்கள்’ என்றார் வக்கீல். எந்த நிர்வாகக் காரணம், அதற்கு ஆவணம் எங்கே, முழுத் தாமதமும் முதலிலேயே தெரிந்திருந்ததா, தெரிந்திருந்தால் ஏன் சொல்லவில்லை? ஒவ்வொரு கேள்விக்கும் அந்தப் பிள்ளை காகிதத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தார். வெளியே வந்ததும் தாதா வராந்தாவிலேயே ஒரு சுற்று நடனம் ஆடினார். மைனி மட்டும், “ஆடாதீங்க தாதா, வரி வரட்டும்” என்றாள்.

இப்போது காகிதம் வந்துவிட்டது. வரியைத்தான் காணோம்.

விரலை வைத்துக்கொண்டு நான் வாசிக்கிறேன். மனுதாரர் கூறுவது, எதிர்தரப்பு கூறுவது, அந்தப் பிரிவு, இந்தப் பிரிவு. தாதா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து அவசரப்படுத்துகிறார்: “மோஷாய், அதெல்லாம் வெறும் தோல், பழத்துக்குப் போங்க!” கடைக்கு வந்த இரண்டு பேர் தோசை மாவை மறந்துவிட்டு நிற்கிறார்கள். அண்ணன் கடைப்படியில் உட்கார்ந்து உள்ளே பார்க்கத் தைரியமில்லாமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கடைசிக்கு முந்தின பக்கத்தில் விரல் நின்றது. ஒரு தடவை மனதுக்குள் படித்தேன். தப்பாகப் படித்துவிடக் கூடாதே என்று தாதாவைப் படிக்கச் சொன்னேன். அவர் படித்துவிட்டு என் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தார்.

“சத்தமா!” என்றாள் மைனி.

தமிழாக்கிச் சொன்னேன்: “தாமதத்துக்கு எதிர்தரப்பு தக்க காரணம் எதையும் காட்டவில்லை. மனுதாரர் விமானத்தில் செல்லத் தயாராக இருந்தார். வண்டி வந்துவிடும் என்று திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டதாலேயே அவர் அந்த வாய்ப்பை இழந்தார். தம் தம்பியின் திருமணத்துக்கு அவர் உரிய நேரத்தில் செல்ல முடியாமல் போனதில் அவர் தவறு ஏதுமில்லை.”

“தவறு ஏதுமில்லையா?”

“ஏதுமில்லை.”

“விமானம்னு போட்டிருக்கா?”

“போட்டிருக்கு மைனி. விமானத்தில் செல்லத் தயாராக இருந்தார்.”

“ஆஹா!” என்று கத்தினார் தாதா. நஷ்டஈடு எவ்வளவு என்று பக்கத்தைத் திருப்பப் போனவரின் கையை மைனி தட்டிவிட்டாள். “அது கெடக்கட்டும், பக்கத்தை விடுங்க!” வரிக்குக் கீழே தன் விரலை வைத்துக்கொண்டு, இடது கையால் செல்போனில் படம் பிடித்தாள். முதல் படம் கலங்கிவிட்டது. இரண்டாவது சரியாக வந்தது. தம்பி எண்ணுக்கு அனுப்பினாள். கூட ஒரு எழுத்து எழுதவில்லை.

ஐந்து தலைகள் அந்தச் சின்னத் திரையில். சாம்பல் நிறத்தில் இரண்டு டிக். அண்ணனும் எழுந்து உள்ளே வந்துவிட்டார். டிக் நீலமாகியது. “பாத்துட்டான், பாத்துட்டான்!” என்று அண்ணன் என் கையைப் பிடித்து நசுக்கினார். ‘டைப்பிங்’ என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. நின்றது. ஒன்றும் வரவில்லை. லேக் கார்டன்ஸ் பாலத்துக்கு அந்தப் பக்கம் லோக்கல் ரயில் ஒன்று கூவிக்கொண்டு போனது. அதைக்கூட யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

போன் அடித்தது. வீடியோ அழைப்பு. தம்பி படம் திரையில் வட்டமாக நிற்கிறது.

“எடு!” என்றார் அண்ணன். “துலுன், பௌதி, துலுன்!” என்று தாதா குதித்தார். “எடுங்க மைனி, வச்சிரப் போறான்!” என்றேன் நான்.

மைனி போனைச் சற்றே சாய்த்து, அந்தக் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து, வேர்வையில் நகர்ந்திருந்த பொட்டை நடுவில் ஒட்டி, முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.