கிளெண்டாவும் வராத படிகமும்

கிளெண்டா வீப் ஒன்றைப் பார்க்க ஆரம்பித்துவிட்டால் அவளை மீட்பது கடினம். அடுப்பில் பால் பொங்கி வழிந்தால்கூடப் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

"அணைச்சிருக்கலாம்ல?" என்பான் கணவன் லோர்ன்.

"எப்படிப் பொங்குதுன்னு பாத்துட்டிருந்தேன்."

லோர்னுக்குக் கோபம் வராது, அலுப்புதான் வரும். பனி நகரமான வினிபெக்கில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவளுக்கு இது ஆகாத குணம்தான். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் அவள் வேறு ஆள். எந்தப் பிள்ளையையும் அவள் பனியில் காக்க வைத்ததில்லை.

விழுங்கிய மாத்திரைக்கு வலி எங்கே இருக்கிறது என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்? சின்ன வயதில் வந்த இந்தச் சந்தேகம் நாற்பது வயதிலும் அவளை விடவில்லை. மருந்தாளர் ஆகிவிடுவது என்று முடிவு கட்டி, காலைப் பேருந்து ஓட்டத்துக்கும் மாலை ஓட்டத்துக்கும் நடுவே பல்கலைக்கழகத்தில் படித்தாள். குறுக்கே நின்றது கரிம வேதியியல் முதல் பாடம். இரண்டு முறை தோற்றிருந்தாள். ஒரு முறை தேர்வில், எலக்ட்ரான்கள் எங்கிருந்து எங்கே போகின்றன என்று காட்டும் வளைந்த அம்புகளை வரைந்து, அழித்து, இன்னும் அழகாக வரைந்து, அந்த ஒரு கேள்வியோடு நேரம் முடிந்துபோனது. இது மூன்றாவது முறை. நான்காவது கிடையாது.

இத்தனைக்கும் அவளுக்கு அந்தப் பாடத்தின் மேல் கொள்ளை ஆசை. சிவப்பு விளக்கில் பேருந்து நிற்கும்போது அவள் மனக்கண்ணில் ஆறு கார்பன் அணுக்கள் கைகோத்து நாற்காலிபோல் உட்காரும். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு முனை தாழ்ந்து மறுமுனை எழும்பி, நாற்காலி மெதுவாகத் திரும்பிக்கொள்ளும். பச்சை விழுந்ததும் எல்லாம் கலைந்துவிடும். இரவில் அவை திரும்பி வரும், ஓசையே இல்லாமல்.

கடைசி ஆய்வகத் தேர்வு ஜனவரி மாதத்து மதியம் ஒன்றில் வந்தது. ஆளுக்கொரு அழுக்குப் பொடி. அதைச் சூடான ஆல்கஹாலில் கரைத்து, ஆறவிட்டு, சுத்தமான படிகமாக மீட்டு, எந்தச் சூட்டில் உருகுகிறது என்று பார்த்து, பொடி இன்னது என்று சொல்ல வேண்டும்.

"அஞ்சு மணிக்குப் பூட்டிடுவேன். அதுக்குள்ள உருகுநிலை சொல்றவங்களுக்குத்தான் மார்க்," என்றாள் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆராய்ச்சி மாணவி ஒக்சானா.

பொடி கரைகிற அழகில் லயித்து கிளெண்டா ஆல்கஹாலைக் கூடுதலாக ஊற்றிவிட்டாள். கொதிக்கவைத்து வற்றச் செய்தாள். ஐஸில் வைத்தாள். படிகம் பிடிக்க ஒரு கீறல் கிடைக்கட்டும் என்று கண்ணாடிக் குச்சியால் குடுவையின் உள்பக்கத்தைச் சுரண்டினாள். நிமிடத்துக்கு ஒரு தரம் கையில் எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். குடிதண்ணீர்போல் தெளிவாகவே இருந்தது, ஒரு படிகம்கூட இல்லை.

பக்கத்து மேசை டால்டனுக்குப் படிகம் வந்து வெகுநேரமாகிவிட்டது. "என் தாடியை உங்க குடுவைக்கு மேல உதறட்டுமா?" என்றான். பழைய வேதியியல்காரர்களின் தாடியில் ஒட்டியிருக்கும் தூசு விழுந்தால் வராத படிகமும் வந்துவிடும் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு.

"உன் தாடியில மத்தியானம் தின்ன பீட்சாதான் இருக்கு. தள்ளிப் போ, தாடிக்காரா."

சிரித்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தாள். பள்ளியிலிருந்து பிள்ளைகளை அழைக்கப் போகும் நேரம் வந்துவிட்டது.

"வேற டிரைவர் யாரையாவது அனுப்பச் சொல்லுங்களேன்," என்றான் டால்டன், இப்போது விளையாட்டில்லாமல்.

"இந்தக் குளிர்ல புது ஆள் வழி தேடிட்டிருந்தா, கடைசி ஸ்டாப் பிள்ளைங்க விறைச்சிடும்டா."

குடுவையை மேசையின் மூலையில் வைத்தாள். கோட்டை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பி வந்து அதைத் தூக்கப் போனாள்.

"வைங்க அதை," என்றாள் ஒக்சானா. "வந்ததுலேர்ந்து பாக்கிறேன், அதை ஒரு நிமிஷம் சும்மா விடல நீங்க. உங்க கைச்சூட்டுல எப்படி வரும்? போயிட்டு வாங்க. யாரும் தொடமாட்டாங்க."

வழியெல்லாம் பனி வெள்ளைக் கனவாகக் கிடந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். கடைசிப் பிள்ளையின் வீட்டுக் கதவு திறந்து மூடுவதைப் பார்த்துவிட்டு, டிப்போவுக்குப் போகவேண்டிய மஞ்சள் பேருந்தைப் பல்கலைக்கழக வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தினாள். இதற்கு டிப்போவில் நாளைக்குக் கிடைக்கப்போகும் வசவைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை.

குடுவை நிறைய வெள்ளை ஊசிகள். அடியிலிருந்து கழுத்துப்பக்கம்வரை, நீளநீளமாக, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு. அந்த அறையில் அன்று யாருக்கும் அவ்வளவு பெரிய படிகம் வரவில்லை. பார்த்துக்கொண்டே இருக்கலாம்போல இருந்தது, ஆனால் பார்க்கவில்லை. வடிகட்டி, உறிஞ்சு குழாயால் காற்றை இழுத்து உலர்த்தி, ஒரு சிட்டிகையை மெல்லிய கண்ணாடிக் குழாயில் தட்டி இறக்கி, சூடேற்றும் கருவியில் செருகினாள். மணி ஐந்தாகப் போகிறது.

"லென்ஸ் வழியாப் பாருங்க," என்று ஒக்சானா பக்கத்தில் வந்து நின்றாள். "எப்ப உருக ஆரம்பிக்குது, எப்ப முழுசா உருகி முடியுது, ரெண்டும் எனக்குச் சொல்லணும். வேற எதையும் யோசிக்காதீங்க. கண்ணை எடுக்காமப் பாத்துட்டே இருங்க."

நாற்பது வருடத்தில் யாரும் கிளெண்டாவிடம் அப்படிச் சொன்னதில்லை. அவள் குனிந்து பார்த்தாள்.